துறைமுகக் கரையில் கேட்ட யுத்தங்கள்

திருகோணமலையில் பிறந்த என் வயதுக்காரர்களுக்கு முதலில் வந்து சேர்ந்த யுத்தம் யப்பான்காரனுடையது. அது முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவன் நான். ஆனாலும் எங்கள் வீட்டில் காலத்தைக் கணிக்க அதுதான் அடையாளம். மாமா பிறந்தது குண்டு போட்டதுக்கு அடுத்த வருசம். கிணறு வெட்டினது குண்டுக்கு முந்தி. அந்த நாள் 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை என்பதை நான் புத்தகத்தில்தான் படித்தேன். அம்மம்மாவுக்குத் தேதி தெரியாது. அவவுக்குத் தெரிந்ததெல்லாம் இடியப்பத்துக்கு மா குழைத்த கையோடு முற்றத்துக்கு ஓடி வந்தது, சீனக்குடாப் பக்கம் எழுந்த கரும்புகை, வண்டில் கட்டிக் கன்னியாப் பக்கம் போன பாதை, வழியில் தவறிப்போன ஒரு பசுக்கன்று. இவ்வளவும்தான் அவவின் இரண்டாம் உலகப் போர். கதை முடிவில் ஒரு வசனம் மட்டும் எப்போதும் மாறாது: "கப்பலையெல்லாம் ராவோட ராவா வெளியில அனுப்பிட்டாங்கள். எங்களைப் போங்கோ எண்டு ஆரும் சொல்லேல்ல."

அவ சொன்னதில் பாதியைப் பின்னாளில் புத்தகங்களும் உறுதிப்படுத்தின. நான்கு மாதத்துக்கு முன்பு பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய யப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள்தான் எங்கள் கடலுக்கும் வந்தன. அவை நெருங்குவது தெரிந்து, முதல்நாள் மாலையே பிரித்தானியர் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியேற்றினார்கள். அப்படி வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் யப்பானிய விமானம் ஒன்று விழுந்து தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. விமானி வேண்டுமென்றே மோதினார் என்று ஒரு கதை. அடிபட்டுத்தான் விழுந்தது என்று இன்னொரு கதை. யப்பானியக் கப்பல்களை முதலில் கண்டு செய்தி அனுப்பிய கனேடிய விமானி பேர்ச்சோல் புத்தகங்களில் வீரராக நிற்கிறார்; அந்தப் பெயருக்கு அவர் தகுதியானவர்தான். நிலாவெளி வீதியில் உப்புவெளியில் உள்ள யுத்த மயானத்தில் வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. புல் வெட்டி, பூச்செடி நட்டுப் பராமரிக்கிறார்கள். இறந்த படைவீரருக்கு ஒவ்வொரு கல். கல்லில் பெயர், படைப்பிரிவு, தேதி.

அந்தப் புத்தகங்களில் ஊர்ச்சனம் இல்லை என்பதைச் சிறுவயதில் நான் ஒரு குறையாக எண்ணவில்லை. யுத்தம் என்றால் கப்பலும் விமானமும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை வளர்த்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு. குவாய் நதிப் பாலம் படத்தை டேவிட் லீன் எங்கள் நாட்டில்தான் எடுத்தார். கித்துள்கலையில், களனி கங்கையில் பாலம் கட்டி அதை வெடிக்க வைத்தார்கள். 1957இல் வெளிவந்த படம். அதில் பர்மா ரயில் பாதையை வெள்ளைக்காரக் கைதிகள் கட்டுகிறார்கள், சாகிறார்கள், பெருமிதம் கொள்கிறார்கள். உண்மையில் அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். இறந்த ஆசியத் தொழிலாளர்களோ அதைவிடப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஆயிரமாயிரம் பேர். படத்தில் அவர்கள் இல்லை. அந்த யுத்தத்தில் தமிழன் எங்கே நின்றான், என்ன விற்றான், எதற்குப் பயந்தான் என்பதை எனக்குக் காட்டியது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வந்த நாவல், என் கைக்கு அது மிகவும் பிந்தித்தான் கிடைத்தது. ஆற்றில் கட்டிய பாலத்தை உலகம் முழுவதும் அறியும். மெடானிலும் பினாங்கிலும் சிங்காரம் காட்டிய கடைத்தெருவைத் தமிழ் வாசகர்களிலும் கொஞ்சப் பேர்தான் அறிவார்கள்.

அதன்பின் எங்கள் சொந்த யுத்தம் வந்தது. அது காதால் வந்தது.

அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வானொலிக்குப் பக்கத்தில் சாய்கதிரையை இழுத்துப் போடுவார். முதலில் கொழும்பு. பிறகு மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ். ஒன்பது மணி தாண்டிப் பிபிசி தமிழோசை. அலை ஒத்துழைக்கிற இரவுகளில் புலிகளின் குரல், சத்தத்தைக் குறைத்து, யன்னலைச் சாத்திவிட்டு. தமிழோசை பிறந்ததும் ஒரு யுத்தத்தில்தான்: 1941 மேயில், பிரித்தானியாவின் போர்ச் செய்தியைத் தமிழருக்குச் சொல்வதற்காகத் தொடங்கிய சேவை அது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு எங்கள் யுத்தத்தை எங்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தது. 2017 ஏப்ரல் கடைசி நாளில் அதன் வானொலி ஒலிபரப்பு நின்றபோது என் வயதுக்காரர்கள் பலர் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் துக்கம் விசாரித்துக்கொண்டோம்.

ஒரே சண்டைக்கு ஒவ்வொரு வானொலியும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும். ஒருவருடைய இழப்பு மற்றவருடைய வாயில் இரட்டிப்பாகும். நான் கணக்குகளைக் கூட்டிக் கழித்து நடுவில் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கப் பார்ப்பேன். அப்பா தலையை ஆட்டுவார். "எண்ணிக்கையை விடு தம்பி. ஊர்ப்பேரைக் கேள். செத்த ஆக்களின்ர பேர் சொல்லுறாங்களா எண்டு கேள். பேர் சொல்லாட்டி அதில பாதி பொய் எண்டு வை." யுத்தச் செய்தியைப் பற்றி எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய படிப்பினை இதுதான். பின்னாளில் ஊடகம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இதைத் தாண்டி எதுவும் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை.

1995 ஏப்ரல் 19, நள்ளிரவு கழிந்த நேரம். டொக்யார்ட் பக்கமிருந்து வந்த வெடியில் எங்கள் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சூரயா, ரணசுரு என்ற கடற்படையின் இரண்டு பீரங்கிப் படகுகளைக் கடற்புலிகள் தகர்த்திருந்தார்கள். சந்திரிகா அரசோடு ஜனவரியில் தொடங்கியிருந்த போர்நிறுத்தமும் அந்த வெடியோடு முடிந்தது. மறுநாள் ஒரு வானொலிக்கு அது துரோகம். இன்னொன்றுக்கு அது வீரம். எங்கள் தெருவில் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. சுற்றிவளைப்பு வருமா? பிடிபட்ட பொடியளை எங்கே வைத்திருப்பார்கள்? கடலுக்குப் போகலாமா? இந்தக் கேள்விகளுக்கு எந்த வானொலியிலும் பதில் வரவில்லை. அடுத்த மாதம் 25ஆம் தேதி, எங்கள் மாவட்டத்திலேயே, கல்லறாவ என்ற சிங்கள மீனவக் கிராமத்தில் புலிகள் 40க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். வலை இழுத்துப் பிழைக்கிற சனம். அன்றிரவு அப்பா வானொலியை அணைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். 1996 பெப்ரவரியில் குமாரபுரம் என்ற பெயர் வந்தபோதும் அப்படியே இருந்தார். கிளிவெட்டிக்குப் பக்கத்திலுள்ள சின்னஞ்சிறு ஊர். படையினர் கொன்ற 24 பேரில் குழந்தைகளும் இருந்தார்கள். ஊரைத் தெரிந்தவனுக்குச் செய்தி செய்தியாக மட்டும் வருவதில்லை. அந்த ஊரின் வாய்க்கால், வேப்பமரம், தேநீர் கொடுத்த வீடு எல்லாம் சேர்ந்து வரும்.

காதால் கேட்ட யுத்தத்தில் கற்பனைக்காவது இடமிருந்தது. வீடியோ வந்தபோது அதுவும் போயிற்று. வன்னியிலிருந்து புலிகளின் நிதர்சனம் எடுத்த சண்டைக் காட்சிகள் கசெட்டுகளில் கைமாறின. கொழும்புத் தொலைக்காட்சியில் படையினரின் சண்டைக் காட்சிகள் ஓடின. கொடியும் மொழியும் வேறு. பின்னணியில் முழங்கிய முரசுக்கு வித்தியாசம் இல்லை. இரண்டிலும் கமெரா துப்பாக்கியின் பின்னால் நின்றது. சுடப்படும் பக்கத்திலிருந்து எடுத்த காட்சி இரண்டிலும் இல்லை. வீட்டில் பொடியள் அதைப் பார்த்துக் கைதட்டியபோது அதட்டி அடக்க என் அம்மா ஒருத்திதான் இருந்தா.

'கன்னத்தில் முத்தமிட்டால்' வெளியானது 2002 பெப்ரவரி 14. எட்டு நாள் கழித்து அரசும் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் ஊரில் பெண்கள் அழுதார்கள், நானும் கலங்கினேன். தமிழ்நாட்டில் பலருக்கு எங்கள் அகதி வாழ்வை நெருக்கமாகக் காட்டிய படம் அதுதான் என்று அங்குள்ள நண்பர்கள் சொன்னார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அது வெளியிலிருந்து வந்து, பார்த்து, திரும்பிப் போகிறவர்களின் கதை. நாங்கள் அதில் வழியில் தென்படுகிறவர்கள்.

என்னை உலுக்கிய படம் சிங்களத்தில் எடுக்கப்பட்டது. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர', 1997இல் எடுத்தது. அரசு அதை உள்நாட்டில் திரையிட விடாமல் நிறுத்தி வைத்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வெளிவந்தது. போர்நிறுத்தக் காலத்தில், என்னோடு படிப்பித்த சிங்கள ஆசிரியை ஒருவரின் கந்தளாய் வீட்டில் அதைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் இருந்து வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கண் தெரியாத கிழவர் வன்னிஹாமி. இராணுவத்திலிருந்த மகனின் உடல் முத்திரை வைத்த பெட்டியில் வருகிறது. நட்ட ஈட்டுப் பணத்துக்குக் கையெழுத்துப் போட அவர் மறுக்கிறார். மகன் செத்தான் என்று நம்ப மறுக்கிறார். கடைசியில் புதைத்த பெட்டியைத் தோண்டித் திறக்கிறார்கள். உள்ளே வாழைத்தண்டும் கல்லும்.

ஆசிரியை அந்த இடத்தில் தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டார். படம் முடிந்து தேநீர் வந்தது. பிறகு சொன்னார்: "சேர், எங்கட தம்பியும் இப்படி மூடின பெட்டியிலதான் வந்தது. அம்மா திறக்கச் சொல்லி அழுதது. விடல்ல. அதில தம்பி இருந்ததா எண்டு அம்மா இன்னும் கேக்குது." நான் என்ன பதில் சொல்ல? எங்கள் பக்கத்தில் எத்தனையோ தாய்மாருக்குப் பெட்டியும் வரவில்லை. 1990இல் பிடித்துக்கொண்டு போன பிள்ளைக்கு இன்றும் ஒரு தட்டு எடுத்து வைக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் அதற்குமுன் அதைக் கேட்டதில்லை. ஒரே மாவட்டத்தில், ஒரே பாடசாலையில், ஒரே ஓய்வறையில் பல வருடம் இருந்த இருவர். ஒரு படம் வந்துதான் எங்களைப் பேச வைத்தது. சினிமா யுத்தத்தைப் பற்றிப் பொய்தான் சொல்லும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. எதிரியின் வீட்டு முற்றத்தில் கமெராவை வைக்கிற துணிவு இருந்தால் அது சொல்லும் உண்மையை வேறெதுவும் சொல்லாது.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை, யுத்தக் கதையைப் புரட்டிப்போட்டவை சில புகைப்படங்கள்.

2006 ஜனவரி 2. மாலை மங்கிய நேரம், காந்தி சிலைக்கு அருகே, கடற்கரையில். மனோகரன் ரஜீகர், யோகராஜா ஹேமச்சந்திரா, லோகிதராசா ரொகான், தங்கத்துரை சிவானந்தா, சண்முகராஜா சஜேந்திரன் ஆகிய ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். மாலையில் ஊரே காற்று வாங்கப் போகிற இடம் அது. கடலைச் சுருளோடு பிள்ளைகள் ஓடுகிற மணல். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்து இறந்தார்கள் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது. நாட்டின் பெரும்பகுதி அதை நம்பியிருக்கும். ஐந்து தமிழ் இளைஞர், ஒரு கைக்குண்டு: கேட்டுப் பழகிப்போன கதைக்குள் அது சுலபமாகப் பொருந்திவிடும். 'சுடர் ஒளி' பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குப் போனார். உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. பத்திரிகை படங்களை வெளியிட்டது. கைக்குண்டுக் கதை அந்தக் காலையோடு இறந்துபோயிற்று.

அந்தப் பத்திரிகைப் பிரதியை எங்கள் தெருவில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தோம். யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. முதியவர் ஒருவர் அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். ஜனவரி 24 காலை, வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜன் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். ரஜீகரின் தந்தை, வைத்தியர் மனோகரன், நாட்டை விட்டு வெளியேறி ஜெனீவாவரை போய்த் தன் மகனின் பெயரைச் சொன்னார். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் திருகோணமலை நீதிவான் நீதிமன்றம் 2019 ஜூலை 3ஆம் தேதி விடுவித்தது. யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் கைக்குண்டுதான் காரணம் என்று இன்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. உலகத்திலும் சொல்ல முடியாது. ஒரு மனிதர் தன் உயிரைக் கொடுத்து ஐந்து பேரின் மரணத்தை உள்ளபடி பதிவு செய்தார். கப்பல்களுக்கும் தளபதிகளுக்கும் பெயர் சூட்டி எழுதிய எந்த யுத்த நூலையும்விட இந்தச் சில படங்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே வருடம் ஓகஸ்டில் மூதூர் எரிந்தது. பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 ஊழியர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் முஸ்லிம் சனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தது. 17 பேரின் கதையை உலக ஊடகங்கள் சொல்லின, சொல்லவும் வேண்டும். நடந்துபோன முஸ்லிம் சனத்தின் கதையைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஓரத்தில் போட்டன. தமிழில் யுத்தம் எழுதுகிறவர்கள் இன்றுவரை அந்த நடையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் மனக்குறை.

பிறகு 2009. தொலைக்காட்சியில் ஒவ்வோர் இரவும் வன்னியின் வரைபடம். கைப்பற்றிய ஊர்களுக்கு ஒரு நிறம். அந்த நிறம் கிழக்கு நோக்கிப் பரவிக்கொண்டே வரும். இறுதி மாதங்களில் ஆளில்லா விமானம் எடுத்த படங்களையும் காட்டினார்கள். மேலேயிருந்து பார்த்தால் சனம் எறும்பு. எந்த எறும்பு அழுகிறது என்று தெரியாது. பொதுமக்களுக்கு இழப்பே இல்லை என்று அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 10ஆம் தேதியிலிருந்து எங்கள் துறைமுகத்துக்குக் காயக்காரரைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 'கிறீன் ஓஷன்' என்ற கப்பல். செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பில், புதுமாத்தளன் கரையிலிருந்து. முதலில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு. பிறகு இந்திய மருத்துவர்கள் கூடாரம் அமைத்திருந்த புல்மோட்டைக்கு. மே மாதத் தொடக்கம் வரை காயக்காரரும் நோயாளரும் கூட வந்தவர்களுமாக 13,000க்கு மேற்பட்டோர் இப்படிக் கடல்வழி வந்து சேர்ந்தார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் சொல்லாததைத் துறைமுகம் சொன்னது.

நாங்கள் சிலர் வீடு வீடாகப் போய் மாற்றுடை சேர்த்தோம். சேலை, சாரம், குழந்தைச் சட்டை. உள்ளே போக எல்லோருக்கும் அனுமதி இல்லை. ஒருமுறை எனக்குக் கிடைத்தது. வாட்டில் கட்டில் போதாமல் நிலத்திலும் பாய் விரித்திருந்தார்கள். என் அம்மாவின் வயதுள்ள ஒரு பெண், காலில் கட்டு. "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டேன். அவ ஒரு ஊர் சொல்லவில்லை. கிளிநொச்சியில் தொடங்கினா: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், மாத்தளன். விசுவமடுவில் மூத்த பேரனை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னா. விட்டுவிட்டு என்றால் புதைத்துவிட்டு. முந்திய வாரங்களில் அதே பெயர்களை அதே வரிசையில் நான் தொலைக்காட்சியில் கேட்டிருந்தேன். அங்கே அவை வெற்றியின் படிகள். ஊர்ப்பேரைக் கேள் என்று அப்பா சொன்னதன் முழுப்பொருளும் அந்தப் பாய்க்குப் பக்கத்தில்தான் எனக்கு விளங்கியது. வரைபடமும் அவவும் ஒரே யுத்தத்தைத்தான் சொன்னார்கள். வரைபடத்தில் அவவின் பேரன் மட்டும் இல்லை.

2011 ஜூன் 14ஆம் தேதி சனல் 4 அந்த இறுதி மாதங்கள் பற்றிய தன் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. உலகம் அதை ஆதாரமாகப் பார்த்தது. எங்கள் ஊரில் கதவைச் சாத்திவிட்டுக் கணினித் திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தேடியது முகம். சட்டை நிறம், கழுத்திலிருந்த தாயத்து, நிற்கிற விதம். வேறு நாட்டில் ஒருவர் அரசியல் கற்பதற்காகப் பார்க்கிற படத்தில், எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கணவனைத் தேடினாள். யுத்தப் படம் எடுப்பவர்களும் பார்ப்பவர்களும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்பேன்.

இப்போது இந்த யுத்தம் நாவல்களாகவும் திரைப்படங்களாகவும் கைபேசிக் காணொளிகளாகவும் பெருகிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ணால் காணாத பிள்ளைகள் அவற்றிலிருந்துதான் அறிவார்கள், வேறு வழியில்லை. அந்தப் பிள்ளைகளிடம் நான் கேட்பது, எதைப் பார்த்தாலும் படித்தாலும் சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்று விசாரியுங்கள். கப்பல் மேலிருந்தா, துப்பாக்கிக்குப் பின்னாலிருந்தா, பாயில் படுத்திருந்தா? இறந்தவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். அலுமாரிக்குள் கசெட்டோ பத்திரிகை நறுக்கோ புகைப்படமோ வைத்திருந்தால் அதன் பின்பக்கத்தில் பெயர், ஊர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பிரதி எடுத்து நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக்காரரிடம் கொடுங்கள். உங்கள் சொந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், கல்லறாவவிலும் மூதூரிலும் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். கேட்கக்கூடிய வயதில் அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.